செட்டிநாட்டில் நீரியல் ஆய்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, திருப்பத்தூர், தேவகோட்டைப் பக்கம் கண்மாய்களையும் நிலத்தடி நீரையும் ஆராய வருகிற இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். மகிழ்ச்சியான விஷயம். ஆனால் அவர்கள் கொண்டுவரும் வரைபடங்களைப் பார்த்தால், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். மழைமானியை மரத்தடியில் வைப்பது, நோட்டில் தேதி எழுதாமல் விடுவது போன்றவற்றை வழிகாட்டும் பேராசிரியரே திருத்திவிடுவார். ஆய்வேட்டில் கடைசிவரை யார் கண்ணிலும் படாமல் தப்பி, பிறகு ஊர்க்காரர்களின் தலையில் விடிகிற தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கணினி வரைந்த நீர்ப்பிடிப்பை அப்படியே நம்புவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஸ்ஆர்டிஎம் என்னும், விண்ணிலிருந்து அளந்த நில உயரத் தரவை இறக்கிக்கொள்வார்கள். மென்பொருளில் ஏற்றி, முதலில் பள்ளங்களை நிரப்பும் கட்டளையைக் கொடுப்பார்கள். அப்புறம் நீர் ஓடும் திசை, ஓடைகள், நீர்ப்பிடிப்பு எல்லை, அதாவது எந்தப் பரப்பில் விழும் மழை கண்மாய்க்கு வந்து சேரும் என்பது. ஒரு பொழுதுக்குள் வண்ணப்படம் தயார். மலைச்சரிவுள்ள ஊர்களில் இந்த முறை ஓரளவு சரிப்பட்டு வரும். இங்கே வராது.

முதல் காரணம், நிலம். நம் பக்கம் கிழக்கே கடலை நோக்கிக் கிலோமீட்டருக்கு ஓரிரு மீட்டர்தான் சரிவு. எஸ்ஆர்டிஎம் தரவிலோ உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும். முப்பது மீட்டர்க் கட்டங்கள் வரிசையாக ஒரே எண்ணைக் காட்டினால், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கணினிக்குத் தெரியாது. தானாக ஒரு திசையைப் போட்டுவிடும். உங்கள் படத்தில் ஓடைகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல இணையாக ஓடினால், அது நிலம் சொன்னதல்ல.

இரண்டாவது, அந்தத் தரவு எடுக்கப்பட்ட காலம். விண்ணோடத்தில் இருந்த ரேடார் அதை அளந்தது 2000 பிப்ரவரியில். வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும் நேரம் அது. ரேடார் தண்ணீரை ஊடுருவித் தரையைப் பார்க்காது. நீர்மட்டத்தைத் தரையாகக் கொண்டு கண்மாயின் கொள்ளளவைக் கணக்கிட்டவர்களும் இருக்கிறார்கள். சீமைக்கருவேலம் அடர்ந்த கண்மாய் என்றால் இன்னும் மோசம். மரத்தலையில் பட்டுத் திரும்பும் அலை, பள்ளத்தை மேடாகக் காட்டும். பின்னால் வந்த கோப்பர்நிக்கஸ் என்ற இன்னொரு உயரத் தரவில் உயரம் தசமத்தில் கிடைக்கிறது. ஆனால் கருவேல மரம் அதிலும் நிற்கிறது.

மூன்றாவதுதான் பெரியது. பள்ளத்தை நிரப்பு என்ற அந்தக் கட்டளை எதை நிரப்புகிறது? கண்மாயைத்தான். நிரப்பியபின் கரையில் எந்த இடம் தாழ்வாகத் தெரிகிறதோ அந்த வழியே நீரை வெளியேற்றிவிடும். அந்த இடம் கலுங்காக, அதாவது மிகுநீர் வழியக் கட்டிய இடமாக, இருக்க வேண்டிய அவசியம் அதற்கில்லை. கண்மாய்க்கு நீர் கொண்டுவர மனிதர் வெட்டிய வரத்துக்கால் எதுவும் அதன் கண்ணில் படுவதில்லை.

திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு மாணவி இப்படித்தான் வரைந்திருந்தார். உழைப்பாளி, கணக்கில் ஒரு பிழை கிடையாது. கண்மாய்க்கு மேற்கே உள்ள செம்மண் மேடு மட்டும்தான் நீர்ப்பிடிப்பு என்று படம் காட்டியது. அதை வைத்து, கலுங்கு தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது, குறுக்கினால் கூடுதல் தண்ணீர் நிற்கும் என்று பரிந்துரை எழுதிவிட்டார். கண்மாய் நீரை வயல்களுக்குப் பங்கிட்டுவிடும் அந்த ஊர் நீர்ப்பாய்ச்சியிடம் அவரை அழைத்துப் போனேன். பெரியவர் படத்தைப் பார்க்கவே இல்லை. “மேட்டுத் தண்ணி எம்புட்டு வரும் ஆத்தா? மேலக் கண்மாய் கலுங்கு தாண்டினாத்தான் இது பெருகும்” என்றார். “அந்தக் கண்மாய்க்கு எங்கேருந்து தாத்தா வருது?” என்று கேட்டார் மாணவி. “அதுக்கும் மேலே ஒண்ணு இருக்குல்ல” என்று கையைக் காட்டினார். கருவேலம் புதருக்குள் நுழைந்து வரத்துக்கால் வழியாகவே நடந்தோம். அவர் சொன்னது சொன்னபடி இருந்தது.

பொறியாளர்கள் இதைத் தனி நீர்ப்பிடிப்பு, கூட்டு நீர்ப்பிடிப்பு என்று பிரித்துத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். தன் மேட்டிலிருந்து நேராக வருவது தனி. மேலே உள்ள கண்மாய்களின் நீர்ப்பிடிப்பையும் சேர்த்தது கூட்டு. கலுங்கின் நீளத்தை முடிவு செய்ய, வரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கிட இங்கே வெகுகாலமாகப் பயன்படுவது ரைவ்ஸ் சூத்திரம். நீர்ப்பிடிப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கடலிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் அந்தக் கெழு 6.8. ஒரு கண்மாயின் தனி நீர்ப்பிடிப்பு 4 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் வினாடிக்கு 17 கனமீட்டர் வரும். கூட்டு நீர்ப்பிடிப்பு 20 என்றால் 50 வரும். மேல் கண்மாய்கள் தடுத்து நிறுத்துவதற்காக அதில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். கழித்தாலும் 17 ஆகாது. 17-ஐ நம்பிக் கலுங்கைக் குறுக்கினால், நவம்பரில் ஒரு புயல் மழை போதும், கரை உடையும். சங்கிலித் தொடர் என்பதால் அந்தத் தண்ணீர் கீழ்க் கண்மாய்க் கரையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. 1883-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்தில் ஆராய்ந்த கண்மாய் ஒவ்வொன்றுக்கும் குறிப்பேடு எழுதினார்கள். முழுக் கொள்ளளவு மட்டம், கலுங்கின் நீளம், மடைகள், இரண்டு வகை நீர்ப்பிடிப்பு எல்லாம் அதில் இருக்கும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய் என்றால் நீர்வளத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுள்ள சர்வே வரைபடத்தில் சமஉயரக் கோடு 20 மீட்டருக்கு ஒன்றுதான் என்பதால் உயரத்துக்கு உதவாது. கண்மாய்களையும் கால்வாய்களையும் அடையாளம் காண உதவும். பிறகு பெருக்குக் காலத்தில் நீர்ப்பாய்ச்சியோடு நடங்கள். கலுங்கு மட்டத்தையும் மடையின் அடிமட்டத்தையும் லெவல் கருவி வைத்து எடுங்கள்.

குடிநீர்க் குளமான ஊருணிக்கும் இதே கதைதான். கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் தெருவே நீர்ப்பிடிப்பு. வீட்டு ஓட்டில் விழுந்த மழை வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி ஊரையே அமைத்திருக்கிறார்கள். எந்தச் செயற்கைக்கோளும் அந்த வாய்க்காலைக் காட்டாது.

மழை நாளைக் குழப்புவது

வானிலைத் துறைக் கணக்கில் ஒரு தேதிக்கு எழுதிய மழை, அன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் பெய்தது. 15-ஆம் தேதிக்குரிய மழையில் பெரும்பங்கு 14-ஆம் தேதி பெய்திருக்கும். கண்மாய் மட்டத்தை மாலையில் அளந்து, அதே தேதி மழையோடு பொருத்தினால் மழைக்கு முன்பே கண்மாய் பெருகியதாகத் தோன்றும். கண்மாய் மட்டத்தையும் காலை 8.30-க்கே எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

மோட்டார் ஓடும் கிணற்றை அளப்பது

கூடாது.

எல்லாக் கிணறுகளையும் ஒரே படத்தில் போடுவது

மேற்கே கடும்பாறை, கிழக்கே மணற்பாறை, மேலே பல இடங்களில் செம்பூரான் கல். திறந்த கிணற்றில் தெரிவது மேல்நீரின் மட்டம். ஆழ்குழாயில் தெரிவது பெரும்பாலும் கீழ் அடுக்கின் அழுத்தம். காரைக்குடிக்குச் சம்பை ஊற்று கொடுக்கிற நீரையும், மேற்கே பாறை இடுக்கில் கசிகிற நீரையும் ஒரே சமமட்டக் கோட்டில் இணைத்தால், அந்தக் கோட்டுக்குப் பொருளே இல்லை. கிணற்றின் வகை, ஆழம், உறைக்குழாய் எதுவரை என்பதைக் கேட்டு எழுதிய பிறகு படம் போடுங்கள்.

ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்ட உயரம் என்று எழுதுவது

நம் பகுதியில் இரண்டுக்கும் வித்தியாசம் 90 மீட்டரை ஒட்டி வரும். கைக்கருவி எந்த உயரத்தைக் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள்.

ஆண்டுச் சராசரி மழை

கண்மாய் நிரம்புவது அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் சில கனமழை நாட்களில். நாள்வாரிக் கணக்கு எடுங்கள்.

ஊருணியை ஆழமாக்கப் பரிந்துரைப்பது

கண்மாய்க்கும் ஊருணிக்கும் வேலை வேறு. ஊருணி குடிநீருக்கானது, அடியில் உள்ள களிமண் படுகைதான் கோடைவரை அதில் தண்ணீரை நிறுத்துகிறது. ஆழப்படுத்துகிறேன் என்று அந்தப் படுகையை வெட்டி எடுத்து, பங்குனிக்குள் வறண்டுபோன ஊருணியைப் பார்த்திருக்கிறேன். கண்மாயிலும் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. பரிந்துரை எழுதுவதற்கு முன் நாலைந்து இடத்தில் மண்துளை போட்டு, களிமண் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். அந்த அளவையும் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். வண்டி கொண்டுவந்து மண் அள்ளுகிறவர் எங்கே நிறுத்த வேண்டும் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.