அச்சுக் கையேட்டிலிருந்து விக்கிக்கு: தேயிலைக் கணக்கு மென்பொருள் ஒன்றின் ஆவணத்தை மாற்றிய முறை

குன்னூரில் இயங்கும் எங்கள் சிறிய நிறுவனம், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் தயாரித்துத் தருகிறது. இலையை எடைபோட்டு ரசீது தருவது, மழைநாளில் ஈர இலைக்குக் கழிவு போடுவது, முன்பணத்தைப் பிடித்தம் செய்வது, மாதக் கடைசியில் விவசாயி வாரியாகப் பட்டுவாடாப் பட்டியல் எடுப்பது ஆகியவை அதன் வேலைகள். இதற்கென வேர்டில் தட்டச்சு செய்து, அச்சிட்டு, சுருள்கம்பி போட்ட 240 பக்கக் கையேடு ஒன்று இருந்தது. மென்பொருள் ஆண்டுக்கு நான்கு முறை மாறியது; கையேடோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் மாறியது. அந்தக் கையேட்டை, பலரும் உலாவியிலேயே திருத்தக்கூடிய தளமான விக்கிக்குக் கொண்டுசென்றபோது கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்கவிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கோப்புகளை மாற்ற எங்களுக்கு ஒரு வாரம் போதுமாக இருந்தது. எந்தப் பக்கத்துக்கு யார் பொறுப்பு என்பதை முடிவுசெய்யத்தான் மாதங்கள் பிடித்தன. உங்கள் திட்டத்திலும் நாட்களை அந்தக் கணக்கிலேயே ஒதுக்குங்கள்.

விக்கி என்ற பெயர் ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயரைக் கொண்டு, 1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் தமது தளத்துக்கு அதை வைத்தார். பிழையைக் கண்டவரே கண்ட இடத்தில் திருத்திவிடலாம் என்பதே அந்த விரைவின் பயன். திருத்துவதற்கு மேலாளரின் கையொப்பம் வேண்டும் என்று விதி வைத்தால், மிஞ்சுவது திரையில் தெரியும் பழைய கையேடு மட்டுமே.

முதலில் அழுக்குப் பக்கங்களைத் தேடுங்கள்

கோப்பைத் திறப்பதற்கு முன், வாடிக்கையாளரிடம் இருக்கும் அச்சுப் பிரதிகளை நேரில் போய்ப் பாருங்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இலை எடைபோடும் கொட்டகையின் ஆணியில் எங்கள் கையேடு சணல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. 31-ஆம் பக்கம் முதல் 46-ஆம் பக்கம் வரை ஓரங்கள் இலைச்சாறு பட்டுக் கறுத்திருந்தன. 112-க்குப் பிறகு வரும் நிர்வாக அமைப்புப் பக்கங்கள் மலையின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. யாரும் பிரித்ததே இல்லை. ரசீது அச்சிட்ட பிறகு எடையைத் திருத்துவது பற்றிய 38-ஆம் பக்கத்தின் ஓரத்தில், “எஃப் 8 அழுத்தக் கூடாது. முதலில் ரசீதை ரத்து செய்யவும்” என்று பென்சிலில் எழுதியிருந்தது. நாங்கள் அச்சிட்ட வழிமுறை தவறு. எடை எழுத்தர் எழுதியதுதான் சரி. இரண்டு ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்திருந்த ஒன்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே, பத்துப் பிரதிகளையாவது கைப்பேசியில் படமெடுங்கள். ஓரக் குறிப்புகளைத் தனியே எழுதிக்கொள்ளுங்கள். அத்துடன் உதவி கேட்டு வந்த தொலைபேசி அழைப்புகளின் மூன்று மாதப் பதிவேட்டையும் எடுத்து, ஒவ்வொரு அழைப்பிலும் கேட்கப்பட்ட கேள்வியை, கேட்டவர் சொன்ன சொற்களிலேயே பட்டியலிடுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால், விக்கியில் எந்தப் பக்கம் முதலில் எழுதப்பட வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும். 240 பக்கங்களையும் ஏற்றியாக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். ஒட்டிக் கிடந்த பக்கங்களில் பாதியை நாங்கள் ஏற்றவே இல்லை; இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

விக்கி மென்பொருளைத் தேர்வது

இதில் நாட்களை வீணாக்காதீர்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி வலிமையானது. ஆனால் அதற்குத் தரவுத்தளம் வேண்டும், அதைப் பராமரிக்க ஆளும் வேண்டும். டோக்குவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருள் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு சாதாரண உரைக் கோப்பாகவே வைத்திருக்கிறது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கேபிள் அறுந்தால் இரண்டு நாள் இணையம் இல்லாத எங்கள் ஊரில், முழு விக்கியையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்துத் தொழிற்சாலைக் கணினியில் ஓடவிட முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காக அதைத் தேர்ந்தோம். ஒருவர் ஒரு பக்கத்தைத் திருத்தும்போது மற்றவர் அதில் கைவைக்காதபடி, அது இயல்பாகவே 15 நிமிடம் பூட்டி வைக்கும். மீடியாவிக்கி பூட்டுவதில்லை, இருவர் ஒரே வரியைத் திருத்திச் சேமித்தால், இரண்டாமவரிடம் முரண்பாட்டைக் காட்டித் தீர்க்கச் சொல்லும்.

எழுத்துரு, பக்க எண், கோப்புப் பெயர்

தமிழ்க் கையேடு என்றால் முதல் தடை எழுத்துரு. பழைய அத்தியாயங்கள் பாமினி என்ற, ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சானவை; எழுத்துருவை நீக்கியவுடன் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தேடுபொறிக்கும் அது குப்பைதான். எனவே, வேறு எதையும் தொடும் முன் அந்த அத்தியாயங்களை எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி, ஒரு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும் இடங்கள் கண்ணைவிடக் காதுக்கு எளிதில் பிடிபடும். இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் அந்த எழுத்துரு மாற்றி விழுங்கிவிடும் என்பதால், விசைப்பெயர்களையும் மெனுப் பெயர்களையும் தனியே பாருங்கள்.

பிறகு வேர்ட் கோப்பில் தலைப்புகளுக்கு முறையான தலைப்புப் பாணியைக் கொடுங்கள். வெறுமனே தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கிய வரியைப் பாண்டாக் போன்ற கோப்பு மாற்றும் கருவியால் தலைப்பு என்று அறிய முடியாது. பாணிகள் சரியாக இருந்தால், அது வேர்ட் கோப்பை டோக்குவிக்கி, மீடியாவிக்கி இரண்டின் குறியீட்டுக்கும் மாற்றி, படங்களையும் தனிக் கோப்புறையில் பிரித்துத் தந்துவிடும். கட்டங்களை இணைத்த அட்டவணைகள் பெரும்பாலும் சிதைந்துதான் வரும். அவற்றைக் கையால் திரும்ப எழுதுவதே விரைவானது. “47-ஆம் பக்கம் காண்க” என்று எழுதிய இடங்கள் எல்லாம் பொருளற்றுப் போகும், ஏனெனில் விக்கியில் பக்க எண்ணே கிடையாது. ‘காண்க’ என்ற சொல்லைத் தேடி, ஒவ்வோர் இடத்திலும் இணைப்பு போடுங்கள். எங்களுக்கு அது ஒரு முழு நாள் வேலை.

கோப்புப் பெயரில் ஒரு குழி இருக்கிறது. டோக்குவிக்கி, நிறுவியவுடன் இருக்கும் அமைப்பில், தமிழ்ப் பெயரின் ஒவ்வொரு குறியீட்டையும் ஒன்பது எழுத்துகளாக நீட்டிச் சேமிக்கிறது. இதில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகள். “ரசீது அச்சிட்ட பிறகு எடையைத் திருத்துவது” என்ற பெயரில் இடைவெளி நீங்கலாக 36 குறியீடுகள் உள்ளன, நீட்டினால் 324 எழுத்துகள், அதாவது 324 பைட். லினக்ஸில் கோப்புப் பெயரின் உச்ச அளவு 255 பைட். பக்கம் சேமிக்கப்படாமல் பிழைச் செய்தி வந்தபோது, வன்தட்டு கெட்டுவிட்டதோ என்று அரை நாள் அலைந்தோம். அமைப்பில் கோப்புப் பெயர்க் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று மாற்றினால் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட்தான் ஆகும். இதை முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பிறகு மாற்றினால் ஏற்கெனவே உள்ள கோப்புகளை விக்கியால் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு பக்கம், ஒரு வேலை

கையேடு மெனு வரிசையில் எழுதப்பட்டிருந்தது: எடைப் பதிவு மெனு, அதன் 14 உட்பிரிவுகள், அடுத்த மெனு. எடைபோடுபவர் மெனுவை நினைத்துக்கொண்டு உதவி தேடுவதில்லை. வரிசையில் நிற்கும் விவசாயியை வைத்துக்கொண்டு, கையிலுள்ள சிக்கலை நினைத்துத் தேடுகிறார். ஆகவே அந்த அத்தியாயத்தை உடைத்து, “மின்சாரம் இல்லாதபோது எடைபோட்ட இலையைப் பிறகு பதிவது”, “ஈரக் கழிவு விழுக்காட்டை மாற்றுவது” என்று வேலைக்கு ஒரு பக்கமாக எழுதினோம். இரண்டு பக்கங்களுக்குப் பொதுவான செய்தியை ஒரே இடத்தில் வைத்து, மற்றதிலிருந்து இணைப்பு கொடுங்கள். நகலெடுத்து ஒட்டினால், ஆறு மாதத்தில் இரண்டும் வெவ்வேறு கதை சொல்லும்.

பதிப்புகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு பதிப்புக்கும் தனி விக்கிக் கிளை தொடங்கும் ஆசை வரும்; அடக்கிக்கொள்ளுங்கள். பழைய பதிப்பிலேயே இருக்கும் தொழிற்சாலைகளுக்காக, மாறியுள்ள படிக்குக் கீழே ஒரு சிறு குறிப்பு போதும். வழிமுறை அடியோடு மாறினால் மட்டும் பழையதற்குத் தனிப் பக்கம் வைக்கலாம்.

எழுத வைப்பது

விக்கி தயாரான முதல் இரண்டு மாதங்கள் யாருமே எழுதவில்லை. ஒற்றுப்பிழை வந்துவிடுமோ என்ற கூச்சம் ஒரு காரணம். விக்கிப் பக்கத்தின் திருத்த வரலாற்றில் யார் எழுதினார் என்பது பெயரோடு நிற்கும் என்ற அச்சம் இன்னொன்று. துணிந்து எழுதிய ஓர் உதவியாளரின் சந்திப்பிழையைத் திருத்திய மூத்தவர், திருத்தக் குறிப்பில் கேலியாக ஒரு வரி சேர்த்தார். அந்த உதவியாளர் பிறகு மூன்று வாரம் விக்கிப் பக்கமே வரவில்லை. அதன் பின் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம்: தொலைபேசியில் உதவியவர், அழைப்பு முடிந்த கையோடு, கொச்சையாக இருந்தாலும் இரண்டு வரி எழுதிவிட வேண்டும், மொழியைச் சீராக்குவது வெள்ளிக்கிழமை பிற்பகலில் ஒருவரின் வேலை, திருத்தக் குறிப்பில் என்ன மாறியது என்பதைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது.

அனுமதிகளை இறுக்க வேண்டாம். ஊழியர் அனைவரும் எல்லாப் பக்கத்தையும் திருத்தலாம்; பழைய வடிவங்கள் பத்திரமாக இருப்பதால் எதையும் மீட்கலாம். பிடித்தம், கழிவு, பட்டுவாடா என்று விவசாயியின் பணத்தைத் தொடும் பக்கங்களுக்கு மட்டும் இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பொறுப்பாளர், சரிபார்த்த நாள், எந்தப் பதிப்பில் சரிபார்த்தது என்ற மூன்றும் இருக்கும். பொறுப்பாளராக ஆளின் பெயரைப் போடாமல் பதவியைப் போடுங்கள். எங்கள் ஊரிலிருந்து இளைஞர்கள் கோவைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டே இருப்பார்கள், பக்கம் அனாதையாகிவிடக் கூடாது.

காகிதத்தைக் கைவிட முடியாது. கொட்டகையில் இலைச்சாறு படிந்த கையோடு யாரும் திரையைத் தொட மாட்டார்கள். தேவைப்படும் பக்கத்தை மட்டும் விக்கியிலிருந்து நாளிட்டு அச்சிட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பக்கம் மாறினால் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவது நம் ஊழியர் அடுத்த முறை போகும்போது செய்ய வேண்டிய வேலை.

கடைசியாகப் பழைய கையேட்டை முறைப்படி திரும்பப் பெறுங்கள். “38-ஆம் பக்கத்தில் போட்டிருக்கிறதே” என்று அழைப்பவர்களுக்காக, பழைய பக்க எண்ணுக்கு எதிரே புதிய பக்கத்தின் இணைப்பைக் கொண்ட ஓர் அட்டவணையை விக்கியின் முகப்பிலேயே ஆறு மாதமாவது வைத்திருங்கள். கணக்குத் தணிக்கையில் எந்த நாளில் எந்த வழிமுறை நடைமுறையில் இருந்தது என்ற கேள்வி வரக்கூடும் என்பதால், கடைசி அச்சுப் பதிப்பின் பிடிஎஃப் ஒன்றைத் திருத்த முடியாத இடத்தில் சேமித்துவையுங்கள். கோத்தகிரி எழுத்தர் தம் பிரதியைத் தர மறுத்துவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை, 38-ஆம் பக்கத்தின் மேல் புதிய பக்கத்தை ஒட்டிக்கொடுத்துவிட்டு, அவருக்கு விக்கியில் ஒரு கணக்கும் திறந்துகொடுத்தோம்.