அனிமல் கிராஸிங்: புதிதாகத் தீவு தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்ற வீடியோ கேம் 2020 மார்ச் 20 அன்று நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்தது. நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற பிறகும், புதிதாக ஆட ஆரம்பிப்பவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆளில்லாத தீவில் கூடாரம் போட்டு, மீன் பிடித்து, பூ வளர்த்து, பேசும் விலங்குகளை அக்கம்பக்கத்தாராகச் சேர்த்துக்கொண்டு மெல்ல ஓர் ஊரை உருவாக்குவதுதான் ஆட்டம். இதில் தோற்பது என்பதே கிடையாது. அதற்காக எப்படி ஆடினாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான தவறுகளைப் பணம் கொடுத்தோ ஒரு நாள் காத்திருந்தோ சரிசெய்துவிடலாம். சிலவற்றை மட்டும் எத்தனை லட்சம் பெல்ஸ் (ஆட்டத்தில் புழங்கும் பணம்) கையில் இருந்தாலும் திருத்த முடியாது. அவை பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிடுகின்றன.

முதல் மணி நேரம்

முதலில் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது: ஒரு ஸ்விட்ச்சுக்கு ஒரே ஒரு தீவு. இரண்டாவது கேம் கார்டு வாங்கினாலும் அதே கன்சோலில் இரண்டாவது தீவு கிடைக்காது. எட்டுப் பேர் வரை அந்தத் தீவில் குடியேறலாம். ஆனால் முதலில் ஆட்டத்தைத் திறந்தவர்தான் தீவின் பிரதிநிதி. பாலம் போடுவது, கட்டடத்தை நகர்த்துவது, தீவை நிர்வகிக்கும் டாம் நூக் கொடுக்கும் வேலைகளை முடித்துக் கதையை முன்னே கொண்டுபோவது எல்லாம் அவரால் மட்டுமே முடியும். தம்பி ஆசையாகத் திறந்து இரண்டு நாள் ஆடிவிட்டு விட்டுவிட்டால், பிறகு அக்கா எவ்வளவு உழைத்தாலும் தீவு நகராது. யார் தினமும் ஆடப்போகிறாரோ அவரே முதலில் தொடங்கட்டும். இதைப் பேசி முடிவெடுக்காமல் கேம் கார்டைச் செருகவே வேண்டாம்.

அடுத்து அரைக்கோளம். சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் எல்லாமே வட அரைக்கோளம்தான். மெல்போர்னில் இருப்பவர்கள் தெற்கைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு முறை தேர்ந்தெடுத்தால் மாற்ற முடியாது. எந்த மாதம் எந்த மீன், எந்தப் பூச்சி வரும் என்பதெல்லாம் இதைப் பொறுத்ததுதான். தீவின் பெயரும் அப்படியே. உங்கள் தீவுவாசிகள் அதை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவசரத்தில் ஏதோ நாலெழுத்தைத் தட்டிவிடாதீர்கள்.

வரைபடம் இதையெல்லாம்விட முக்கியம். ஆட்டம் நான்கு வரைபடங்களைக் காட்டும். பலரும் ஆறு எப்படி வளைந்து ஓடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஆற்றின் போக்கைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். மாற்றவே முடியாதவை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்கள், கடற்கரையின் வடிவம், விமான நிலையம் இருக்கும் இடம், அலுவலகம் நிற்கும் சதுக்கம் ஆகிய நான்குதான். சதுக்கம் விமான நிலையத்தின் மூக்கருகில் இருந்தால், தீவுக்குள் நுழையும் இடத்தில் நீங்கள் நினைத்ததை அமைக்க இடமே இருக்காது. நான்கும் பிடிக்கவில்லையா? ஆட்டத்தை மூடிவிட்டு மறுபடி திறந்தால் வேறு நான்கு வரும். இன்னும் எதுவும் தொடங்கவில்லை என்பதால் நட்டமில்லை.

இதற்கு மாறாக, முதல் நாள் கூடாரத்தை எங்கே போடுவது என்று அரை மணி நேரம் குழம்ப வேண்டியதில்லை. பின்னாளில் உங்கள் வீட்டை 30,000 பெல்ஸுக்கும், மற்றக் கட்டடங்களை 50,000 பெல்ஸுக்கும் நகர்த்திக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு ஒன்றுதான் நகரும், அவ்வளவுதான்.

பாறையும் பழமும்

முதல் வாரத்தில் அதிகம் நடக்கும் தவறு பாறையை உடைப்பது. பழம் சாப்பிட்டால் உடம்பில் பலம் ஏறும். அந்த நிலையில் பாறையை அடித்தால் முதல் அடியிலேயே அது நொறுங்கிப் போகும். கடை கட்ட 30 இரும்புத் துண்டுகள் கேட்பார்கள். இரும்பு வருவதோ பாறையிலிருந்துதான். உடைந்த பாறைகள் நாளைக்கு ஒன்று என்ற கணக்கில்தான் திரும்ப முளைக்கும், அதுவும் எங்கோ ஓர் இடத்தில். எனவே வெறும் வயிற்றோடு அடியுங்கள்.

அடிக்கும் முறையும் இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் நீங்கள் பின்னால் தள்ளப்படுவீர்கள். மறுபடி நெருங்கி வருவதற்குள் நேரம் போய்விடும். பாறைக்கு அருகில் நின்று முதுகுப் பக்கம் இரண்டு குழி தோண்டிக்கொண்டால் கால் நகராது. விடாமல் அடித்தால் ஒரு பாறையிலிருந்து எட்டுப் பொருட்கள் விழும். தினமும் ஒரு பாறை மட்டும் காசாகவே கொட்டும். எட்டு அடியும் பட்டால் அதில் 16,100 பெல்ஸ். குழி தோண்டாமல் அடிப்பவருக்கு இதில் பாதி தேறினாலே பெரிய விஷயம்.

மரத்துக்கும் இதே கவனம் வேண்டும். கட்டை வேண்டுமென்றால் கல் கோடரி போதும். எத்தனை முறை வெட்டினாலும் மரம் சாயாது. இரும்புக் கோடரி மூன்று அடியில் மரத்தையே சாய்த்துவிடும்.

உங்கள் தீவின் சொந்தப் பழம் ஒன்றுக்கு 100 பெல்ஸ். வேற்றூர்ப் பழம் 500. அம்மா தபாலில் அனுப்பும் பழம் வேற்றூர்ப் பழம்தான். அதைத் தின்றுவிடாமல், விற்றுவிடாமல், மண்ணில் நடுங்கள். சுற்றிலும் ஒரு கட்டம் காலியாக விட்டால்தான் கன்று வளரும். மூன்று பழம் காய்த்ததும் அவற்றையும் நட்டால், சில வாரங்களில் தோப்பே ஆகிவிடும்.

டர்னிப் வியாபாரம்

ஞாயிறு காலை 5 மணியிலிருந்து நண்பகல் வரை டெய்ஸி மே என்ற வியாபாரி தலையில் டர்னிப் கிழங்குச் சுமையோடு தீவைச் சுற்றி வருவாள். விலை 90 முதல் 110 பெல்ஸ் வரை. வாங்கியதைத் திங்கள் முதல் சனி வரை டிம்மி, டாமி இருவரும் நடத்தும் தீவுக் கடையில் விற்கலாம். விலை ஒரு நாளைக்கு இரண்டு தடவை, காலையில் ஒன்றும் நண்பகலுக்குப் பிறகு ஒன்றுமாக மாறும். பணம் போகும் இடங்கள் மூன்று. அடுத்த ஞாயிறு வந்தால் டர்னிப் அழுகிவிடும். கன்சோலின் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பினாலும் உடனே அழுகிவிடும். கடைக்கு வெளியே இருக்கும் பெட்டியில் போட்டு விற்கலாம் என்று சனி இரவு 10 மணிக்கு மேல் போனால், அந்தப் பெட்டி டர்னிப்பை ஏற்காது. மற்றப் பொருட்களுக்கும் அது 80 சதவீதம்தான் தரும்.

நான்காவதாக, பொறுமையின் பெயரில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. விலை இறங்கிக்கொண்டே போகும்போது, எப்படியும் ஏறும் என்று சனி வரை காத்திருப்பார்கள். சில வாரங்களில் விலை வாங்கியதைப் போல ஆறு மடங்கு வரைகூடப் போகும் என்பது உண்மைதான். ஆனால் திங்கள் முதல் ஒரே இறக்கமாக இருந்து, வியாழன் பிற்பகலிலும் ஏறவில்லை என்றால், அந்த வாரம் இனி ஏறவே ஏறாது. அன்றைக்கே நல்ல விலை இருக்கும் நண்பரின் தீவுக்குப் பறந்துபோய் விற்றுவிடுவதுதான் சரி.

டாம் நூக்கின் வீட்டுக் கடனுக்காக இவ்வளவு பதற வேண்டியதும் இல்லை. முதல் கடன் 98,000 பெல்ஸ். கடைசிக் கடன் 24,98,000. எதற்கும் வட்டி கிடையாது, தவணை கிடையாது, கெடு கிடையாது. கடனை அடைப்பதற்காகவே இரவெல்லாம் மீன் பிடித்துச் சலித்து ஆட்டத்தையே விட்டவர்கள் இருக்கிறார்கள். மெதுவாகக் கட்டுங்கள்.

மீன் பிடிக்கும்போது தூண்டிலை மீன் முதலில் முட்டியதுமே பட்டனை அழுத்திவிடுவார்கள். அது நான்கு தடவை வரை சும்மா முட்டலாம். ஐந்தாவது கட்டாயம் கடிதான். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள், எளிதாக வசப்படும். முதல் முறை பிடித்த மீனையோ பூச்சியையோ விற்காமல் அருங்காட்சியகத்து ஆந்தை ப்ளாதர்ஸிடம் கொடுங்கள். வடக்குத் தீவில் சுறாக்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் வரும்; விற்றுவிட்டு அந்தக் காலமும் முடிந்துபோனால் அடுத்த ஆண்டுதான்.

ஓவியம் விற்க வரும் நரி ரெட்டிடம் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. முத்துத் தோடு அணிந்த பெண்ணின் ஓவியத்தில் தோடு நட்சத்திர வடிவில் இருந்தால் போலி. டேவிட் சிலையின் கையில் புத்தகம் இருந்தால் அதுவும் போலி. போலியை ப்ளாதர்ஸும் வாங்க மாட்டார், கடையிலும் விற்க முடியாது.

தீவைத் தரைமட்டமாக்குவது

தீவு மூன்று நட்சத்திர மதிப்பீடு பெற்று, பாடகர் கே.கே. ஸ்லைடர் வந்து பாடிவிட்டுப் போனதும் நிலத்தை மாற்றியமைக்கும் உரிமை கிடைக்கும். இணையத்தில் பார்த்த அழகான தீவுகளை மனதில் வைத்துக்கொண்டு பலரும் முதலில் செய்வது எல்லா மேட்டையும் தட்டி, எல்லா ஆற்றையும் மூடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு கட்டமாகத்தான் தட்ட முடியும். முடிந்த பிறகு எதிரே வெறும் புல்வெளி மட்டுமே இருக்கும்; அங்கே எதைத் தொடங்குவது என்றே தோன்றாது. பாதியில் நின்ற தீவுகளில் பல இந்தக் கட்டத்தில் நின்றவைதான். இருக்கும் மேட்டையும் ஓடையையும் வைத்துக்கொண்டு ஒரு மூலையை மட்டும் எடுத்து முடியுங்கள். அது முடிந்ததும் பக்கத்து மூலை. பாலமும் சரிவுப் பாதையும் தலா பத்துதான் போட முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள் கடை மூடிவிடுகிறது என்பதற்காகக் கடிகாரத்தை மாற்றத் தொடங்குவார்கள். கடிகாரத்தை மாற்றுவதில் தவறு என்று எதுவும் இல்லை. ஆனால் அதற்கு முன் தீவு அலுவலகத்தில் இருக்கும் இசபெல்லிடம் 20,000 பெல்ஸ் கொடுத்து இரவு ஆந்தை விதியைக் கேட்டுப் பெறுங்கள். கடைகள் இரவில் கூடுதல் நேரம் திறந்திருக்கும்.

கடைசியாக, உங்கள் தீவு கன்சோலிலேயேதான் இருக்கிறது. மற்ற ஆட்டங்களைப் போல இதன் சேமிப்பு கிளவுடில் தானாக ஏறாது. நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா இருந்தால், தொடக்கத் திரையில் மைனஸ் பட்டனை அழுத்தி, டாம் நூக்கிடம் தீவுக் காப்புப் பிரதியை இயக்கச் சொல்லுங்கள். கன்சோல் தொலைந்தாலோ பழுதானாலோ மீட்க அது ஒன்றுதான் வழி. புது ஸ்விட்ச்சுக்கு மாறும்போது தீவை மாற்றத் தனியாக ஒரு இலவசச் செயலி இருக்கிறது. அது வேலையை முடித்து, புதிய கன்சோலில் உங்கள் தீவு திறப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய கன்சோலை அழிக்கவோ விற்கவோ வேண்டாம்.