மழையென்று பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

இல்லினாய் மாநிலத்தின் ஸ்டார்வ்டு ராக் பூங்காவுக்கு மழையில்லாத கோடையில் போனால் பெரும்பாலும் வறண்ட பாறையைத்தான் பார்ப்பீர்கள். அங்குள்ள அருவிகள் மழையையும் பனி உருகலையும் நம்பியவை. அதனால் நல்ல மழை விட்ட மறுநாள் போங்கள். மணற்பாறை வழுக்கும், செருப்பு வேண்டாம். மாற்று சாக்ஸும், நனைந்த ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாளும் (சிரிக்காதீர்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும்) காரில் இருக்கட்டும்.

இடி கேட்டால் பக்கத்து ஊரான ஒட்டாவாவுக்குப் போய்விடலாம். 1858-இல் செனட் பதவிக்குப் போட்டியிட்ட ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் தங்கள் முதல் விவாதத்தை நடத்திய சதுக்கம் அங்கேதான்.

முக்கியமாக ஒன்று: வானொலியில் புயல், சுழற்காற்று எச்சரிக்கைகளைக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) பெயர் சொல்லித்தான் அறிவிப்பார்கள். இது லாசால் கவுண்டி. எல்லை தாண்டும்போதெல்லாம் சாலையோரப் பலகையில் புதுப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.