ஏஜென்ட்டுக்குக் கருவி விளக்கம் எழுதும் முறை: ஒரு ஏலக்காய் பில்லிங் மென்பொருளை வைத்து

போடியில் ஒரு ஏலக்காய்க் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சரக்கில் பாதி தமிழ்நாட்டுக்குள் போகும். மீதி குமுளி வழியாகக் கேரளாவுக்கோ, ஆந்திராவின் சித்தூர் பக்கமோ போகும். நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட்டிடம் மூன்று கருவிகளை, அதாவது அது அழைத்துப் பயன்படுத்தக்கூடிய செயற்கூறுகளைக் கொடுக்கிறீர்கள்: பழைய பில்லைத் தேட ஒன்று, ஜிஎஸ்டி கணக்கிட ஒன்று, டேட்டாபேஸை மாற்ற ஒன்று. எதை எப்போது அழைப்பது என்று முடிவு செய்ய அதன் கையில் இருப்பவை பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா (என்னென்ன மதிப்புகளை எந்த வடிவில் தர வேண்டும் என்ற வரையறை), இவ்வளவுதான். உங்கள் மனதில் உள்ள கடை வழக்கம் எதுவும் அதற்குத் தெரியாது.

பெயரில் அதிக நேரம் செலவிட வேண்டாம். ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு மட்டும், 64 எழுத்துக்குள் வைத்தால் பெரும்பாலான இடங்களில் செல்லும். 'கெட்_டேட்டா' என்று வைக்காமல் 'சர்ச்_இன்வாய்ஸ்' என்று ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

விளக்கம்தான் கவனிக்க வேண்டிய இடம். 'வரியைக் கணக்கிடும்' என்று ஒரு வரியோடு விட்டால் ஏஜென்ட் மிச்சத்தை ஊகிக்கும். குறைந்தது நான்கைந்து வாக்கியம் எழுதுங்கள். இப்படி:

'பில்லில் உள்ள ஒரு சரக்குக்கு ஜிஎஸ்டியைக் கணக்கிட்டுத் தரும். எதையும் சேமிக்காது. விற்பவர் மாநிலமும் சப்ளை இடமும் ஒன்றானால் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) இரண்டும் வரும். வேறானால் ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான வரி) மட்டும். ஏற்கெனவே போட்ட பில்லின் வரியைப் பார்க்க இதை அழைக்காதே, சர்ச்_இன்வாய்ஸை அழை. தொகை பைசாவில், முழு எண்ணாக வரும்.'

ஐந்தாவது வாக்கியத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கருவிகளின் வேலை ஒன்றையொன்று உரசும்போது, எதை எப்போது அழைக்கக் கூடாது என்பதை இரண்டு விளக்கங்களிலும் எழுத வேண்டும். ஒன்றில் மட்டும் எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது.

அடுத்தது ஸ்கீமா. 'ஸ்டேட்' என்று வெறுமனே ஒரு உள்ளீடு வைத்தால் 'கேரளா' வரும், 'கேஎல்' வரும், 32 வரும். ஜிஎஸ்டி மாநிலக் குறியீடு என்று சொல்லி, ஏற்கும் மதிப்புகளை மட்டும் பட்டியலாகக் (enum) கொடுங்கள்: தமிழ்நாடு 33, கேரளா 32, ஆந்திரா 37 என்று. ஆந்திராவுக்குப் பிரிவினைக்கு முந்தைய 28 பழைய பட்டியல்களில் இன்னும் கிடக்கிறது. ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடல் அதையே எடுத்துத் தரக்கூடும். ஏலக்காயின் ஹெச்எஸ்என் (சரக்கு வகைக் குறியீடு) 0908 என்று தொடங்கும். அந்த உள்ளீட்டை எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள சுழியம் விழுந்து 908 ஆகிவிடும். எழுத்துச்சரமாக வையுங்கள். எடைக்குப் பெயரிலேயே அலகைச் சேர்த்து 'வெயிட்_கேஜி' என்றால் மூட்டைக் கணக்கோடு குழம்பாது. தேதிக்கு 2025-04-03 என்ற வடிவம் மட்டும். 03/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் 3, மாடலுக்கு மார்ச் 4 ஆகவும் இருக்கலாம்.

பில் எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. ஜிஎஸ்டி விதிப்படி அது ஒரு நிதியாண்டுக்குள் மட்டும் தனித்திருந்தால் போதும். கடைகளில் ஏப்ரல் பிறந்ததும் 1-லிருந்து மறுபடி தொடங்குவது சகஜம். ஆகவே தேடும் கருவியில் பில் எண்ணோடு நிதியாண்டையும் கட்டாய உள்ளீடாக்குங்கள். இல்லையென்றால் போன வருடத்து பில்லை எடுத்துவைத்துக்கொண்டு ஏஜென்ட் நம்பிக்கையோடு வேலை செய்யும். பார்ட்டி பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் சேமிக்கப்பட்டுள்ளன என்றால் அதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தமிழிலோ மலையாளத்திலோ தேடி, ஒன்றும் கிடைக்காமல், அப்படி ஒரு பார்ட்டியே இல்லை என்று முடிவுகட்டிவிடும்.

திரும்பி வருவதையும் விளக்கத்தில் எழுதுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் வெற்றுப் பட்டியலா, பிழையா? ஒரு தடவைக்கு எத்தனை பில், மிச்சத்தை எப்படிக் கேட்பது? பிழைச் செய்தியாக '400' என்ற வெறும் பிழை எண்ணை மட்டும் அனுப்பினால் அதே அழைப்பு திரும்பத் திரும்ப வரும். 'மாநிலக் குறியீடு 2 இலக்கம். வந்தது கேரளா' என்று அனுப்பினால் பெரும்பாலும் அடுத்த அழைப்பிலேயே திருத்திக்கொள்ளும்.

டேட்டாபேஸை மாற்றும் கருவியில் 'அனுமதி இல்லாமல் அழைக்காதே' என்று எழுதுவது நல்லதுதான், ஆனால் அது பூட்டு ஆகாது. எம்சிபியில் (ஏஜென்ட்டையும் கருவிகளையும் இணைக்கும் பொது நெறிமுறை) அழிக்கும் செயல் என்று குறிக்கும் அடையாளம்கூட வெறும் குறிப்புதான். உண்மையான தடையை டேட்டாபேஸ் பயனர் உரிமையில் வையுங்கள்.

எந்த மொழியில் எழுதுவது? விளக்கங்கள் பொதுவாக ஒவ்வொரு கோரிக்கையோடும் போகின்றன. தமிழ் எழுத்து பெரும்பாலான மாடல்களில் கூடுதல் டோக்கன் (மாடல் உரையை நறுக்கிப் படிக்கும் துண்டு) தின்னும். எனவே ஆங்கிலத்தில் எழுதி, 'தரகு', 'கழிவு' போன்ற கடைச் சொற்கள் டேட்டாபேஸின் எந்த நெடுவரிசையைக் குறிக்கின்றன என்பதை மட்டும் தமிழோடு சேர்த்துக் கொடுப்பது சிக்கனம்.

பிறகு சோதனை. கடையில் நிஜமாகக் கேட்கக்கூடிய பத்துப் பன்னிரண்டு வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கருவியும் தேவைப்படாத ஒன்றும் அதில் இருக்கட்டும். விடையை மட்டும் பார்க்காமல் அழைப்புப் பதிவைப் படியுங்கள். தவறான கருவியை எடுத்தால் விளக்கத்தில் 'எப்போது' என்பது தெளிவில்லை. கருவி சரி, மதிப்பு தவறு என்றால் ஸ்கீமாவைப் பாருங்கள். ஒரே அழைப்பு மறுபடி மறுபடி வந்தால் பிழைச் செய்தியில்தான் கோளாறு. ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி, எல்லா வேலைகளையும் மறுபடி ஓட்டுங்கள்; ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடுவது இங்கே வழக்கம்.