மிருதங்கத்தை அடுத்தவர் கையில் கொடுக்குமுன்

போன வாரம் சமூக மன்றத்தில் ஒரு நிகழ்ச்சி. யாரோ கேட்டார் என்று என் மாணவன் தன் புது மிருதங்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுகொண்டான். 15 வருஷத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் செய்தேன். கையைத் துடைக்கச் சொல்வது, டீயைத் தள்ளி வைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நாம் தவறும் மற்ற இடங்கள் இவை.

‘எனக்கும் தெரியும்’ என்பவரை நம்புவது

குழந்தைகளைப் பார்த்து எனக்குப் பயமில்லை. உள்ளங்கையால் நாலு தட்டு, ஒரு சிரிப்பு, ஓடிப்போய்விடும். சின்ன வயதில் இரண்டு வருஷம் கற்றுப் பாதியில் விட்டவர்கள்தான் ஆபத்து.

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு கல்யாணக் கச்சேரி. முடிந்ததும் ஒருவர் வந்தார். “தம்பி, கொஞ்சம் வாசிச்சுப் பாக்கலாமா? நானும் ஊர்ல கத்துக்கிட்டவன்தான்.” மூத்தவர், மறுக்க வாய் வரவில்லை. “வாசிங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தேன்.

ரசம் வருவதற்குள் டொக், டொக் என்று கல் சத்தம். என் பையைத் திறந்து, ஸ்ருதி சேர்க்கிற கல்லையும் கட்டையையும் எடுத்திருக்கிறார். “வலந்தலை இறங்கியிருக்கு தம்பி, ஏத்துறேன்.”

வலப்பக்கத் தோலான வலந்தலையின் ஸ்ருதி இறங்கித்தான் இருந்தது. ஏசி மண்டபத்தைவிட்டு வெளியே கொண்டுவந்தால், இந்த ஊர் ஈரக்காற்றில் தோல் தளராமல் என்ன செய்யும்? வலந்தலையைச் சுற்றி 16 கண், அதாவது வார் கோத்த துளை. ஒன்றில் தட்டினால் அதன் எதிர்க்கண்ணையும் பார்க்க வேண்டும், அதுவும் சிறுகச் சிறுக. இவர் ஒரே பக்கத்தில் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு எழுந்து ஓடினேன். அதற்குள் கல் வழுக்கித் தோலில் விழுந்துவிட்டது. நடுவிலுள்ள கறுப்புப் பூச்சான கரணையை ஒட்டி நகத்தளவு கீறல்.

ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் ஒரு நாள் சாப்பு என்கிற அடியை வாசிக்கும்போது பிளந்தது. சென்னைக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பி, தோல் மாற்றித் திரும்பி வர ஏழு வாரம். நடுவில் இரண்டு கச்சேரி, இரவல் மிருதங்கத்தில். அவரோ, “தோல் பழசா இருந்திருக்கும்” என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். செலவு மறந்துவிட்டது, இந்தப் பேச்சு மறக்கவில்லை.

கொடுத்தால் பக்கத்திலேயே உட்காருங்கள். சோறு ஆறினால் ஆறட்டும். கல் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

மோதிரம்

கழற்றச் சொல்லுங்கள். கல்யாண மோதிரமானாலும்.

ரவையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது

இடப்பக்கத் தோலான தொப்பியின் நடுவில் பிசைந்து அப்பியிருக்கும் ரவையைத் தெரியாதவர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள். ஓர் அம்மா ஈரத் திசுத்தாளால் பொறுமையாகத் துடைத்து, “சுத்தம் பண்ணிட்டேன்பா” என்று நீட்டினார். கும்கி என்கிற அந்த ஆழ்ந்த நாதம் போயே போச்சு. நன்றி சொல்லிவிட்டு மறுபடி ரவை பிசைந்தேன்.

மறுப்பதற்குப் பொய் சொல்வது

“ரிப்பேர்” என்பீர்கள். பத்து நிமிஷத்தில் மேடையில் அதையே வாசிப்பீர்கள். “ஸ்ருதி சேர்த்து வெச்சிருக்கேன், கச்சேரி முடிஞ்சதும் தரேன்” என்பது போதும். பாதிப் பேர் திரும்ப வரமாட்டார்கள்.

வருகிறவர்களுக்காக இப்போது ஒரு பழைய மிருதங்கமும் கொண்டுபோகிறேன். கரணை உதிர்ந்தது, யார் வேண்டுமானாலும் தட்டலாம். போன மாதம் அந்த அண்ணன் வந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

“ஸ்ருதி சேரலையே தம்பி. கல் இருக்கா?”