மேட்டில் திசை மாறிய குளிர்காற்று

1980களில் அமெரிக்காவில் தயாரான எங்கள் மோட்டார் ஹோம் (வீட்டு வசதிகளுள்ள வண்டி), எஞ்சின் ஓடியபடி நிற்கும்போதெல்லாம் உதறியது. ஸ்பார்க் பிளக், எரிபொருள் ஃபில்டர் இரண்டையும் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பணம்தான் போயிற்று.

துப்பு கொடுத்தது ஏசி. மேடேறும்போது குளிர்காற்று முகத்தை விட்டு முன்கண்ணாடிக்குத் தாவியது. காற்றைத் திசை திருப்பும் மடல்களை இயக்குவது, எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம். அது குறைந்தால் காற்று தானாகக் கண்ணாடிப் பக்கம் போய்விடும். வெற்றிடக் குழாயில் கசிவிருந்தால் வெளிக்காற்று புகுந்து எஞ்சினும் உதறும்.

இருக்கைகளுக்கு நடுவிலுள்ள எஞ்சின் மூடியைத் திறந்து வெற்றிட அளவியை மாட்டினேன். 18 பாதரச அங்குலமாவது காட்ட வேண்டிய முள் 13இல் நின்றது. குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நெரித்தேன். டேஷ்போர்டுக்குப் போகும் குழாயை நெரித்தபோது முள் எழுந்தது; கசிவு அதில்தான். மேற்புறம் பளபளப்பு, வளைவின் அடியில் நீளவாக்கில் பிளவு. கைக்கண்ணாடி பிடித்தால்தான் தெரியும்.

எல்லா வெற்றிடக் குழாய்களையும் மாற்றிவிட்டேன், இடம் மாறாதிருக்க ஒவ்வொன்றாக. பிரேக் மிதிக்கு வலுக்கூட்டும் பூஸ்டருக்கு மட்டும் தடித்த சுவருள்ள குழாய். மெல்லியது வெற்றிடத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும்.