வீட்டு மியூசிக் சர்வருக்கு செகண்ட் ஹேண்ட் டிஏசி: பார்த்து வாங்குவது எப்படி?

சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை மியூசிக் சர்வராக மாற்றிவிட்டீர்கள். சிடிகளை எல்லாம் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வடிவம்) ஃபைல்களாக ஏற்றியாயிற்று. ஃபைலில் எண்களாகக் கிடக்கும் பாட்டை மின் அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க இப்போது ஒரு கருவி வேண்டும். அதுதான் டிஏசி. கம்ப்யூட்டரின் ஹெட்ஃபோன் துளைக்குள்ளும் ஒரு டிஏசி இருக்கிறது. ஆனால் பல கம்ப்யூட்டர்களில் அதன் வழியாக இரைச்சலும் சேர்ந்து வரும். ராஸ்பெர்ரி பை 5 என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் அந்தத் துளையே கிடையாது. அதனால் தனி டிஏசி ஒன்று தேவைப்படும்.

அதைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. சிடியின் 16 பிட் ஒலிக்கு 96 டெசிபல் அளவு வீச்சு (மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி) இருந்தால் போதும். பத்து, பதினைந்து வருடத்துக்கு முன் ஒழுங்காகச் செய்யப்பட்ட டிஏசிகள் பலவும் அதைத் தாராளமாகத் தாண்டிவிடும். புது மாடல் வந்தவுடன் நல்ல நிலையில் இருக்கும் பழையதை விற்றுவிடுகிறவர்களும் நிறைய. விற்பனைக்கு வருவதில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரங்கள் எல்லாம் சிப்பின் பெயரைத்தான் பெரிதாகப் போடும்: ஈஎஸ்எஸ் சேபர், ஏகேஎம், பர்-பிரவுன். அந்தச் சிப் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. முதலில் பழசாவது யூஎஸ்பி உள்ளீடும் பவர் பகுதியும்தான். உங்கள் சர்வரோடு ஒத்துப்போகுமா என்பதும் யூஎஸ்பி உள்ளீட்டைப் பொறுத்தது. ஆகவே நாம் சிப்பைக் கடைசியில் பார்ப்போம்.

படி 1: உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் மூன்று விஷயங்கள் போதும். சர்வரில் என்ன வெளியீடு இருக்கிறது? பெரும்பாலும் யூஎஸ்பி மட்டும்தான் இருக்கும். ஆம்ப்ளிஃபயரில் என்ன உள்ளீடு இருக்கிறது? சாதாரண ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை வட்டச் செருகிகள்) மட்டும் என்றால், எக்ஸ்எல்ஆர் (மூன்று முனைச் செருகி) வெளியீடு உள்ள டிஏசிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயன் இல்லை. கடைசியாக, உங்கள் பாட்டுகள் எந்த அளவில் இருக்கின்றன? சிடியிலிருந்து எடுத்தவை 44.1 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்கியது), 16 பிட் (அந்த ஒவ்வோர் எண்ணின் நீளம்). இணையத்தில் காசு கொடுத்து இறக்கியவற்றில் 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஃபைல்கள் இருக்கலாம்.

டிஎஸ்டி (சூப்பர் ஆடியோ சிடிகளில் பயன்படும் ஒலி வடிவம்) ஃபைல்கள் உங்களிடம் இல்லையென்றால் அந்த வசதியைத் தேட வேண்டாம். எம்கியூஏ (உயர்தர ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை) என்று எழுதியிருந்தால் அதற்காக ஒரு பைசா கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அதை உருவாக்கிய நிறுவனம் 2023-இல் திவாலாகி, வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதைப் பெரிய அளவில் பயன்படுத்திய டைடல் என்ற இணையப் பாட்டுச் சேவையும் 2024-இல் அதைக் கைவிட்டுவிட்டது.

படி 2: யூஎஸ்பி உள்ளீட்டைத் துருவிப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

யூஎஸ்பி வழியாக ஒலியை அனுப்புவதற்குப் பொதுவான விதிமுறைகள் உண்டு. கிளாஸ் 1 என்பது பழையது. அதில் நடைமுறையில் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வரைதான் போகலாம். கிளாஸ் 2 வந்த பிறகுதான் 192-ம் அதற்கு மேலும் சாத்தியமானது. லினக்ஸ் இரண்டையும் தானாகவே புரிந்துகொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். நம் மியூசிக் சர்வர் மென்பொருள்களில் பலவும் (வால்யூமியோ, மூட், எம்பிடி) லினக்ஸில்தான் ஓடுகின்றன என்பதால் இது நமக்குப் பெரிய வசதி. விண்டோஸ் கம்ப்யூட்டரைச் சர்வராக வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் 2017-இல் வந்த அப்டேட்டுக்குப் பிறகுதான் கிளாஸ் 2 டிரைவர் உள்ளேயே சேர்ந்தது. அதற்கு முந்தைய கிளாஸ் 2 டிஏசிகள் தங்களுக்கென்று ஒரு டிரைவரோடு வந்தன. அந்த டிரைவர் இன்றைய விண்டோஸில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

விதிமுறை ஒரு பக்கம். யூஎஸ்பியை வாங்கிக்கொள்ளும் சிப்புக்கும் தனி வரம்பு உண்டு. பழைய டிஏசிகளில் அடிக்கடி காணப்படும் பிசிஎம்2707 சிப் 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டைத் தாண்டாது. பின்னால் இருக்கும் ஒலிச் சிப் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் யூஎஸ்பி வழியாக அதற்கு மேல் உள்ளே போகாது.

இதற்குச் சரியான உதாரணம் 2008-இல் வந்த கேம்பிரிட்ஜ் ஆடியோ டேக்மேஜிக். வருகிற எல்லா ஒலியையும் உள்ளே 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டுக்கு ஏற்றிவிடும். அந்த எண்ணைப் பார்த்ததும் 192 ஃபைல்களை அப்படியே வாங்கிக்கொள்ளும் என்று தோன்றும். ஆனால் அதன் யூஎஸ்பி ஏற்பது 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் மட்டுமே. சிடிப் பாட்டுகள் மட்டும் வைத்திருப்பவருக்கு இது ஒரு குறையே இல்லை, இன்றைக்கும் நல்ல கருவிதான். 96 ஃபைல்கள் வைத்திருப்பவர் யூஎஸ்பியை நம்பி இதை வாங்கக் கூடாது.

ஆகவே முன்பக்கம் எழுதியிருக்கும் பெரிய எண்ணை நம்பாமல் கையேட்டைத் தேடி இறக்குங்கள். தொழில்நுட்ப விவரப் பக்கத்தில் யூஎஸ்பிக்கு ஒரு வரியும் கோஆக்ஸியல் (டிஜிட்டல் ஒலியை உலோகக் கம்பியில் வாங்கும் உள்ளீடு), ஆப்டிகலுக்கு (வெளிச்சமாக வாங்குவது) வேறு வரியும் இருக்கும். யூஎஸ்பி வரிதான் உங்களுக்கு வேண்டியது.

அதே பக்கத்தில் ‘அசிங்க்ரனஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், ஒலியின் வேகத்தை டிஏசியே தன் கடிகாரத்தால் நிர்ணயிக்கிறது, கம்ப்யூட்டர் அது கேட்கிற அளவுக்கு அனுப்புகிறது. ‘அடாப்டிவ்’ என்றால் கம்ப்யூட்டர் அனுப்பும் வேகத்துக்கு டிஏசி இழுபட வேண்டும். விலை ஒன்று போல இருந்தால் அசிங்க்ரனஸையே எடுங்கள்.

யூஎஸ்பியே இல்லாத அருமையான பழைய டிஏசிகளும் உண்டு. பெஞ்ச்மார்க் டிஏசி1 முதலில் யூஎஸ்பி இல்லாமல்தான் வந்தது. அப்படி ஒன்றை எடுத்தால் யூஎஸ்பியைக் கோஆக்ஸியலாக மாற்றும் சின்னப் பெட்டியோ, ராஸ்பெர்ரி பை மேல் செருகும் போர்டோ வாங்க வேண்டும். அந்த விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஆப்டிகல் வழியில் ஒரு நன்மை இருக்கிறது. கேபிளில் வெளிச்சம்தான் போகிறது, மின் இணைப்பு இல்லை. அதனால் கம்ப்யூட்டரின் கிரவுண்டிலிருந்து வரும் ‘ஹம்’ ஒலி இந்த வழியாக ஏறாது. ஆனால் பல கருவிகளில் ஆப்டிகல் 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

படி 3: அடாப்டரைக் கேளுங்கள்

‘அடாப்டர் இல்லை, எந்த 12 வோல்ட் அடாப்டரும் போடலாம்’ என்று விற்பவர் சொன்னால் அங்கேயே நின்று விசாரியுங்கள். டிஏசி அடாப்டர்கள் எல்லாம் டிசி (ஒரே திசை மின்சாரம்) கொடுப்பவை அல்ல. சிலவற்றுக்கு ஏசியாகவே (திசை மாறும் மின்சாரம்) 12 வோல்ட் உள்ளே போக வேண்டும். மேலே சொன்ன டேக்மேஜிக் அப்படிப்பட்டதுதான். டிசி கேட்கும் கருவியில் ஏசி அடாப்டரைச் செருகினால் கருவி கெட்டுப்போகலாம்.

அடாப்டரின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் வெளியீடு என்ற வரியைப் படியுங்கள். வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் அலை போல ஒரு நெளிகோடு இருந்தால் ஏசி. நேர்கோடும் அதன் கீழே மூன்று சின்னக் கோடுகளும் இருந்தால் டிசி. டிசி என்றால் செருகியின் நடுமுனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று வட்டம் போட்ட படமும் இருக்கும். இவை டிஏசியின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். மில்லியாம்ப் எண் மட்டும் கேட்டதைவிட அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது.

பவர் பகுதியில் வயதாவது எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் பாகம். சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக் கணக்கு. வருடக்கணக்கில் அணைக்காமல், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் சூடாகவே கிடந்த டிஏசி, அதே வயதுள்ள இன்னொன்றைவிட அதிகம் தேய்ந்திருக்கும். எங்கே வைத்திருந்தீர்கள், எப்போதும் ஆனிலேயே இருந்ததா என்று கேட்பது இதற்காகத்தான். அடாப்டர் இல்லாமல் வீட்டு மின்சாரம் நேராக உள்ளே போகிற மாடலாக இருந்தால் மூடியைத் திறந்து பார்க்கும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். அது தெரிந்தவரின் வேலை.

படி 4: நேரில் போய்ச் சோதியுங்கள்

கூடுமானவரை நேரில் பார்த்து வாங்குங்கள். லினக்ஸ் போட்ட லேப்டாப், உங்களுடைய யூஎஸ்பி கேபிள், ஆர்சிஏ கேபிள், பவர் உள்ள சின்ன ஸ்பீக்கர் இவற்றை எடுத்துப்போங்கள். டிஏசியில் ஹெட்ஃபோன் துளை இருந்தாலும் பின்பக்க ஆர்சிஏவைத் தனியாகச் சோதிக்க வேண்டும். வீட்டில் பயன்படுத்தப் போவது அதைத்தான். ஃபோனை வைத்துச் சோதித்தால் ஒலி வருகிறதா என்று மட்டும்தான் தெரியும். பல ஃபோன்கள் எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி அனுப்புவதால் மற்ற அளவுகள் வேலை செய்கின்றனவா என்று தெரியாது.

போவதற்கு முன் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் 44.1, 48, 96, 192 கிலோஹெர்ட்ஸில் தலா ஒரு நிமிடத்துக்கு ஒரே சுருதியாக ஒலிக்கும் ஃபைல்களைச் செய்துகொள்ளுங்கள். இடது மட்டும், வலது மட்டும் ஒலிக்கும் ஃபைல் ஒன்று. முழு நிசப்தமாக ஒன்று. அப்புறம் நன்றாகப் பழகிய பாட்டு ஒன்று, கடைசியில் மெல்லத் தேய்ந்து அடங்குவதாக இருந்தால் நல்லது.

டிஏசியைச் செருகியதும் லினக்ஸில் ப்ராக் (/proc) என்ற ஃபோல்டருக்குள் அசவுண்ட் (asound) என்ற ஃபோல்டரைத் திறங்கள். உள்ளே கார்டு0 (card0), கார்டு1 (card1) என்று இருக்கும். டிஏசிக்குரிய கார்டில் ஸ்ட்ரீம்0 (stream0) என்ற ஃபைலைப் படியுங்கள். எந்தெந்த அளவுகளை ஏற்கும், அசிங்க்ரனஸா அடாப்டிவா என்று இரண்டையும் டிஏசியே அங்கே சொல்லிவிடுகிறது. விளம்பரத்தில் 192 என்று போட்டிருந்து, இந்தப் பட்டியல் 48,000-இல் முடிந்தால், அந்த விலை அதற்கு அதிகம்.

இப்போது சுருதி ஃபைலை ஓடவிட்டு, டிஏசியின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி செருகியை விரல் நுனியால் மெதுவாக மேலும் கீழும், இடமும் வலமும் அசையுங்கள். ஒரே சீரான ஒலி என்பதால் சின்ன வெட்டு விழுந்தாலும் உடனே காதில் படும். பாட்டை வைத்துச் செய்தால் அது தவறிப்போகும். வெட்டு விழுந்தால் உங்கள் கேபிளை மாற்றி ஒரு முறை பாருங்கள். அப்போதும் விழுந்தால் சாக்கெட்டின் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆர்சிஏ சாக்கெட்டுகளையும் அடாப்டர் துளையையும் இப்படியே அசைத்துப் பாருங்கள்.

அடுத்து அளவுகளை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். 44.1-இலிருந்து 96-க்குத் தாவும்போது சில டிஏசிகளில் ரிலே எனும் உள் சுவிட்சின் ‘டிக்’ சத்தம் வரும், அது இயல்பு. ஸ்பீக்கரில் ‘டப்’ என்று அடித்தால் நல்லதல்ல. நிசப்த ஃபைலை ஓடவிட்டு ஸ்பீக்கர் பக்கத்தில் காதை வையுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ ஸ்பீக்கரிலிருந்தே வரலாம். கேபிளைப் பிடுங்கியும் அது குறையவில்லையென்றால் டிஏசியின் மேல் குற்றமில்லை. ‘ம்ம்ம்’ என்று கனத்த ஒலி வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். அப்போது நின்றால் அது கிரவுண்ட் விவகாரம். நிற்கவில்லை என்றால் டிஏசியின் பவர் பகுதியைச் சந்தேகப்படலாம்.

இதையெல்லாம் செய்து முடிக்க அரை மணி நேரமாவது ஆகட்டும், அவசரப்பட வேண்டாம். சூடேறிய பிறகுதான் வெளிப்படும் கோளாறுகளும் உண்டு. ஆறிக் கிடக்கும்போது மட்டும் தகராறு செய்யும் கருவிகளும் உண்டு என்பதால், நீங்கள் போகும்வரை டிஏசியை ஆன் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

படி 5: இப்போது சிப்பைப் பார்க்கலாம்

மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறிய இரண்டு டிஏசிகள் ஒரே விலையில் இருந்தால், அப்போது சிப், வடிவம், வால்யூம் குமிழ், ரிமோட் என்று உங்கள் விருப்பப்படி முடிவு செய்யுங்கள். இரண்டையும் கேட்டு ஒப்பிடுவதானால் ஒலி அளவைச் சமமாக்குவது அவசியம். ஆர்சிஏ வெளியீடு வழக்கமாக 2 வோல்ட் அளவில் இருக்கும், மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். சற்றே உரக்க ஒலிப்பது காதுக்கு எப்போதும் சிறந்ததாகவே தோன்றும். சுருதி ஃபைலை ஓடவிட்டு இரண்டின் வெளியீட்டையும் மல்டிமீட்டரின் ஏசி அளவில் வைத்துச் சரிசெய்த பிறகு கேளுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

ஆம்ப்ளிஃபயரில் இணைப்பதற்கு முன் இன்னொரு சின்ன அளவெடுப்பு. நிசப்த ஃபைலை ஓடவிட்டு மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து ஆர்சிஏவின் நடுமுனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே பாருங்கள். சில மில்லிவோல்ட் என்றால் கவலை இல்லை. நூறு, இருநூறு என்று காட்டினால் ஆம்ப்ளிஃபயரில் செருக வேண்டாம். விற்றவரிடம் பேசுங்கள்.

சர்வர் மென்பொருளில் ஒலியளவை மாற்றும் வசதியை அணைத்துவிட்டு, ஃபைல் இருக்கிற அளவிலேயே அனுப்பும்படி வையுங்கள். ஒரு 96 ஃபைலை ஓடவிட்டு, முன்பு பார்த்த அதே ஸ்ட்ரீம்0 ஃபைலைத் திறந்தால் அந்த நொடியில் ஓடும் வேகம் தெரியும். அது 96,000-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 48,000 என்று காட்டினால் நடுவில் ஏதோ ஒரு மென்பொருள் மாற்றுகிறது, அமைப்புகளில் தேடிப் பிடியுங்கள்.

கடைசியாக, சர்வரை அணைத்து மறுபடி தொடங்குங்கள். கார்டு எண்கள் சில சமயம் இடம் மாறிவிடும். நேற்று கார்டு1 ஆக இருந்த டிஏசி இன்று கார்டு0 ஆகிவிட, பாட்டு எச்டிஎம்ஐ வழியாக எங்கோ போய்க்கொண்டிருக்கும். அமைப்பில் எண்ணுக்குப் பதிலாக டிஏசியின் பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.